வடசென்னையில் இருந்துகொண்டே ஹவுஸ் டிஜே ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் ஹவுஸ் இசையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் சாமான் வாங்கக் கிளம்பும் முன் மூன்றாவது கேள்வியையாவது பார்த்துவிடுங்கள்.

ஹவுஸ்னா இன்னா? டெக்னோ, ஈடிஎம் எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ஹவுஸ் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது. 1977-ல் அங்கே திறந்த ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு ஓட்டினார். அந்தக் கிளப் பெயரின் பின்பாதிதான் இசைக்கும் பெயரானது. கூடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், தன்பால் ஈர்ப்பினர். டிஸ்கோ செத்துவிட்டது என்று மற்றவர்கள் கைகழுவிய பிறகும் அவர்கள் அதை விடவில்லை. டிஸ்கோவின் தாளத்தை ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின்களில் (808 வந்தது 1980-ல், 909 வந்தது 1983-ல்) தட்டித் தட்டி, தேவையில்லாததை எல்லாம் கழித்தபோது கிடைத்ததுதான் ஹவுஸ்.

காதால் அடையாளம் காண்பது சுலபம். ஒரு பாரின் (நான்கு அடி கொண்ட சுற்று) நான்கு அடிக்கும் கிக் (கனமான டிரம் அடி) விழும். 2, 4 அடிகளில் கைத்தட்டல். இரண்டு கிக்குக்கு நட்ட நடுவில் ‘ட்ஸ்’ என்று ஒரு திறந்த ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற டிரம் தட்டு). வேகம் நிமிடத்துக்கு 118 முதல் 130 அடிக்குள். டீப் ஹவுஸ் 118–122, டெக் ஹவுஸ் 124–128 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம்: 1982-லேயே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் ரோலண்ட் 808 டிரம் மெஷின், 303 பேஸ் சிந்தசைசர் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு போட்டார். இன்று கேட்டால் அசிட் ஹவுஸ் (ஹவுஸின் ஒரு வகை) போலவே இருக்கும். அப்போது அதை யாரும் சீண்டவில்லை.

எங்க ஏரியாவுல ஒரு கிளப் கூட இல்லியே. எங்கப் போய் கத்துக்கறது?

கிளப் இல்லைதான். தமிழ்நாட்டில் பார் உரிமம் பெரும்பாலும் ஹோட்டல்களைச் சுற்றி இருப்பதால் நடனக் கூடங்களும் நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஓஎம்ஆர் பக்கத்து நட்சத்திர ஹோட்டல்களுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே இருக்கும் டிஜேக்களில் பலருக்கு வாய்க்காத ஒரு பள்ளிக்கூடம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது: சவுண்ட் சர்வீஸ்.

ஆறு மாதம் ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணனோடு கல்யாணம், கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு என்று போய் வாருங்கள். பெட்டி இறக்குவது, கேபிள் சுருட்டுவது, ஜெனரேட்டரில் வோல்டேஜ் பார்ப்பது, மைக் கத்தினால் எந்த குமிழைத் திருகுவது, பந்தலில் ஆள் நிறைந்ததும் சத்தம் ஏன் மந்தமாகிறது என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். இதை எந்த டிஜே பள்ளியும் 3 மாத வகுப்பில் சொல்லித் தராது. கூட்டத்தைப் படிக்கும் கலையும் அங்கேதான் பழகும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் கிளப்பில் போனைப் பார்ப்பார்கள். நம்ம ஏரியா கல்யாணத்தில் நேராக மேடைக்கே வந்து சொல்வார்கள்.

கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள். உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு ஒரு வருஷத்தில் அறும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதைச் சரியாகச் செய்தாலே சவுண்ட்காரர் உங்களை அடுத்த வாரமும் கூப்பிடுவார்.

முதல்ல என்ன வாங்கணும்?

மூன்று சாமான்: எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் (மிக்ஸ் செய்ய 8 ஜிபி ராம் போதும், இசை தயாரிக்க 16 வேண்டும்), இரண்டு சேனல் கண்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கையால் மிக்ஸ் செய்யும் பலகை) ஒன்று, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று. கண்ட்ரோலரில் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வகை தாராளமாகப் போதும். ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருள் அதோடு வேலை செய்வதால் பின்னாளில் கிளப்பின் சிடிஜே பிளேயர்களுக்கு மாறுவதும் எளிது. நான்கு சேனல், ஸ்மோக் மெஷின், லேசர் எல்லாம் இப்போது வேண்டாம்.

பழையது வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் (நகர்த்தும் பொத்தான்) மிக மெதுவாக, நத்தை போல, கீழிருந்து மேலே நகர்த்துங்கள். ‘கர கர’ என்றால் உள்ளே தூசியோ தேய்மானமோ. ஹெட்போன் பின்னைச் செருகி லேசாகத் திருகுங்கள். ஒரு பக்கம் சத்தம் போய் வந்தால் சாக்கெட் சால்டரிங் விட்டிருக்கிறது. ஜாக் வீலை (பாட்டைத் தள்ளவும் தடுக்கவும் உள்ள வட்டத்தட்டு) கையால் தொடாமல் 5 நிமிடம் பாட்டை ஓடவிடுங்கள். தானாக வேகம் மாறினால் சென்சார் போச்சு.

பின்பக்க சாக்கெட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் கடலோரமாக வீடு இருந்தால் உங்கள் சாமானுக்கும் இதே கதிதான். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடாமல் மூடியுள்ள பெட்டியில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். மாதம் ஒருமுறை சாக்கெட்டுகளை எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். அது தூசியை இழுத்துச் சேறாக்கிவிடும்.

சிங்க் பட்டன் இருக்கும்போது காதால பீட் மேட்ச் பண்ணக் கத்துக்கணுமா?

கத்துக்கணும். சிங்க் (இரண்டு பாட்டின் அடியையும் மென்பொருளே சேர்த்துவிடும் பட்டன்) பயன்படுத்துவது பாவம் என்பதற்காக இல்லை. மென்பொருள் போடும் பீட் கிரிட் (அடி எங்கெங்கே விழுகிறது என்ற கோடுகள்) தப்பும் என்பதற்காக. கணினியில் செய்த ஹவுஸ் பாட்டில் வேகம் அசையாது, கிரிட் சரியாக விழும். 1980-களில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான தமிழ்ப் பாட்டுகளில் வேகம் ஏறும், இறங்கும். அங்கே சிங்கை நம்பினால் 16 பாருக்குள் குதிரை ஓடுவது போல இரட்டைக் கிக் கேட்கும்.

பழகும் முறை: திரையில் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எண்ணையும் அலைவடிவத்தையும் காகிதம் ஒட்டி மறையுங்கள். ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றி, ஒன்றின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திவிட்டு, காதால் திரும்பச் சேருங்கள். ஹெட்போனில் ஒரு காதில் புதியது, இன்னொரு காதில் ஓடிக்கொண்டிருப்பது. புதிய பாட்டின் கிக் முந்தினால் ஜாக் வீலை லேசாகத் தடுத்துவிட்டு ஃபேடரைக் கொஞ்சம் குறையுங்கள். 124-ஐ 126 ஆக்க ஏற வேண்டியது 1.6 சதவீதம்தான், ஃபேடரில் மயிரிழை தூரம். ஒரே பாட்டில் கைவந்த பிறகு இரண்டு வெவ்வேறு பாட்டுக்குப் போங்கள். தினம் அரை மணி என்றால் இரண்டு மூன்று மாதத்தில் காது திறக்கும்.

பீட் சேருது, ஆனாலும் மிக்ஸ் கேக்க அசிங்கமா இருக்கு. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பத்தி தவறுகிறது. ஹவுஸ் பாட்டு 8 பார், 16 பார், 32 பார் என்று கட்டிய வீடு. 124 வேகத்தில் 16 பார் என்பது 31 வினாடி. ஓடும் பாட்டின் 16 பார் பத்தி முடிந்து புதிய பத்தி தொடங்கும் அந்த முதல் அடியில்தான் அடுத்த பாட்டின் முதல் அடியும் விழ வேண்டும். 4 பார் தள்ளிப் போட்டால் பீட் ஒட்டியிருந்தாலும் குரலும் குரலும் மோதும்.

இரண்டாவது, இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாக ஓடுகிறது. புதிய பாட்டை பேஸ் குமிழ் முழுக்க இடதுபக்கம் திருகிய நிலையில் உள்ளே கொண்டுவாருங்கள். அதன் ஹை-ஹாட் மட்டும் 16 பார் ஓடட்டும். அடுத்த பத்தியின் முதல் அடியில், ஒரே அசைவில், பழையதின் பேஸை இறக்கிப் புதியதின் பேஸை ஏற்றுங்கள். பெட்டி இரண்டு பேஸையும் சேர்த்து இழுக்கும் அந்த இரண்டு வினாடிதான் பந்தலில் ‘பொத பொத’ என்று கேட்பது.

கானாவையும் குத்தையும் ஹவுஸோட மிக்ஸ் பண்ணினா இடிக்குது. வேகம் சரியாத்தான் வெச்சிருக்கேன்.

இந்தக் கேள்வி வடசென்னைக்கே உரியது. பதில் வேகத்தில் இல்லை, நடையில் இருக்கிறது.

ஹவுஸ் சதுஸ்ர நடை: ஒரு அடிக்குள் ‘தகதிமி’ என்று நான்கு துண்டு. டப்பாங்குத்தும் பெரும்பாலான கானாவும் திஸ்ர நடை: ஒரு அடிக்குள் ‘தகிட’ என்று மூன்று துண்டு. வாயால் சொல்லிப் பாருங்கள். வலது கையால் தொடையைத் தட்டிக்கொண்டே நாலு தரம் தகதிமி, நாலு தரம் தகிட. தட்டு விழும் ‘த’ இரண்டிலும் ஒரே இடம். மற்ற எழுத்து எதுவும் ஒன்றோடொன்று சேராது.

124 வேகத்தில் ஒரு அடி 484 மில்லிவினாடி. ஹவுஸின் ‘ட்ஸ்’ ஹாட் விழுவது 242-ல். டோலக்கின் இரண்டாம் தட்டு 161-லும் மூன்றாம் தட்டு 323-லும் விழும். ஹாட் அந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் 81 மில்லிவினாடி தள்ளி நிற்கிறது. காலில் கல் தடுக்கியது போல இடிப்பது அதுதான். கிக்கில் பிரச்சினையே இல்லை.

மேடையில் இதற்கு வழி: கானாவிலிருந்து ஹவுஸுக்குப் போகும்போது வரும் பாட்டின் ட்ரெபிளை முழுக்க அடைத்துவிடுங்கள். கிக்கும் மிட்டும் மட்டும் வரட்டும். கானாவின் கடைசி வரி முடிந்து டோலக் நின்றதும் ட்ரெபிளைத் திறங்கள். அல்லது வெறும் கிக் மட்டும் உள்ள 4 பார் லூப் ஒன்றைக் கைவசம் வைத்து, இரண்டுக்கும் நடுவில் பாலமாகப் போடுங்கள். குரல் மட்டும் உள்ள ஸ்டெம் (தனியாகப் பிரித்த டிராக்) கிடைத்தால் இன்னும் நல்லது, பாடகர்கள் நடையைக் கொஞ்சம் நெகிழ்த்தித்தான் பாடுவார்கள்.

தயாரிப்பில் வழி வேறு. மென்பொருளின் கிரிட்டை ட்ரிப்லெட்டுக்கு (அடிக்கு மூன்று துண்டு) மாற்றி, நடு ஹாட்டை எடுத்துவிட்டு, ‘தகிட’வின் ‘ட’ மேல் ஹாட்டை வையுங்கள். ஸ்விங் குமிழ் (நடுத் தட்டுகளைச் சற்றுத் தள்ளிப்போடுவது) உள்ள மென்பொருளில் 50 சதவீதம் என்றால் நேர் நடை, 66-ஐத் தொட்டால் திஸ்ரம். வழக்கமான ஹவுஸ் 54 முதல் 58-க்குள் ஆடும். முழுசாகத் திஸ்ரத்துக்குப் போன ஹவுஸ் ஆட்டம் போட வைக்கும், ஆனால் மற்ற ஹவுஸ் பாட்டுகளோடு மிக்ஸ் செய்வது கஷ்டம். அதனால் அந்தப் பாட்டின் முதல் 32 பாரும் கடைசி 32 பாரும் வெறும் கிக்காக இருக்கட்டும்.

டோலக் வாசிக்கிற அண்ணனை வீட்லயே ரெக்கார்ட் பண்ணலாமா?

தாராளமாக. டைனமிக் மைக் இரண்டு போதும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று, 10–15 சென்டிமீட்டர் தள்ளி. பதிந்ததும் ஒரு டிராக்கின் ஃபேஸை (ஒலியலையின் மேல்-கீழ்) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தொனி கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள்.

கிளிக்கை (வாசிப்பவர் ஹெட்போனில் கேட்கும் தாள ஒலி) அடிக்கு ஒன்றாக மட்டும் கொடுக்காமல் மூன்று துண்டாகக் கொடுங்கள். அனுபவசாலிகளுக்கு உள்ளே ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். மொட்டைக் கிளிக் அதோடு சண்டை போடும். பதிந்த பிறகு எல்லாத் தட்டையும் கிரிட்டில் இழுத்து ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பாரின் முதல் தட்டை மட்டும் நேராக்குங்கள். மற்ற தட்டுகளின் தள்ளாட்டத்துக்காகத்தானே அவரைக் கூப்பிட்டீர்கள்.

அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இன்று வாசிப்புக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, வருமானத்தில் பங்கு உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம், பெயர் எப்படிப் போடப்படும். கானா எழுதிப் பாடியவர் என்றால் வரிகளும் மெட்டும் அவருடையவை. அதைத் தனியாக எழுதுங்கள். கூலி மட்டும் கொடுத்துவிட்டுப் பாட்டு ஓடிய பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

வீடு பத்துக்குப் பத்து. அதுல ஸ்டுடியோ போட முடியுமா? முட்டை அட்டை ஒட்டினா போதுமா?

முட்டை அட்டை கொசுவுக்குத்தான் வீடாகும். சத்தத்துக்கு அது காற்று மாதிரி.

பத்துக்குப் பத்து அறையின் சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. நம்மூர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது முட்டித் திரும்பும்போது 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தேக்கம் உண்டாகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்தத் தேக்கம் இரட்டிப்பு. ஹவுஸ் கிக்கின் அடித்தொனி வாழும் இடமும் சரியாக அதுதான், 45 முதல் 60 ஹெர்ட்ஸ்.

அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்த 57 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது. ‘பேஸ் பத்தலை’ என்று ஏற்றுவீர்கள். வெளியே பெட்டியில் போட்டால் ஜன்னல் அதிரும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நேரெதிர், பேஸ் மிதமிஞ்சிக் கேட்கும், நீங்கள் குறைப்பீர்கள், வெளியே கிக் சொத்தையாக இருக்கும்.

அதனால் எதிர்ச் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில், அதாவது 3 அடி 10 அங்குலத்தில் தலை இருக்கும்படி உட்காருங்கள். 4 அங்குலக் கனமுள்ள, சத்தம் உறிஞ்சும் ராக்வூல் பலகைகளைத் துணி சுற்றி மூலைகளில் நிறுத்துங்கள். காசு இல்லையா, பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாலும் ஓரளவு பலன் தரும். 5 அங்குல ஸ்பீக்கருக்கு மேல் இந்த அறைக்கு வேண்டாம். பேஸ் பற்றிய கடைசி முடிவை ஹெட்போனில் எடுங்கள், பிறகு சவுண்ட் சர்வீஸ் அண்ணனின் 18 அங்குலப் பெட்டியில் பகல் நேரத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கிளப்பில் இருப்பதும் அதே அளவுப் பெட்டிதான். பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்குக்கூடக் கைக்கெட்டாத வசதி இது.

கிக்கும் பேஸும் ஒண்ணை ஒண்ணு அமுக்குது.

மூன்று படி. முதலில், கிக்கின் சுருதியைப் பாருங்கள். அது 49 ஹெர்ட்ஸில் இருந்தால் ‘ஜி’, 55-ல் ‘ஏ’. பாட்டின் சுருதியோடு ஒட்டவில்லை என்றால் மாற்றுங்கள், பாதி சண்டை அங்கேயே தீரும். அடுத்து, பேஸ் டிராக்கில் கம்ப்ரெஸர் போட்டு கிக்கால் சைட்செயின் செய்யுங்கள் (கிக் விழும்போதெல்லாம் பேஸ் தானாக இறங்கும்): 4:1, அட்டாக் 1 மில்லிவினாடி, ரிலீஸ் 120-ல் தொடங்குங்கள். 124 வேகத்தில் அடியின் கால்பங்கு 121 மில்லிவினாடி, அதனால் அடுத்த துண்டுக்குள் பேஸ் மூச்சு விட்டுவிடும். கடைசியாக, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. இதைச் செய்யாமல் விட்ட பாட்டு, இடது வலது சேர்த்து ஒரே லைனில் ஓட்டும் பந்தல் செட்டில் பேஸே இல்லாமல் கேட்கும்.

பென்டிரைவ் கிளப் பிளேயர்ல ஓப்பன் ஆகலை.

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் என்றால் சிடிஜே எட்டிக்கூடப் பார்க்காது. பாட்டுகளை வெறுமனே காப்பி செய்யாமல் ரெக்கார்ட்பாக்ஸில் எக்ஸ்போர்ட் செய்தால்தான் கிரிட்டும் கியூவும் (பாட்டில் நீங்கள் குறித்து வைத்த இடங்கள்) கூடவே போகும். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ், இல்லாவிட்டால் ஏஐஎஃப்எஃப். பழைய சிடிஜேக்களில் ஃபிளாக் கோப்பு ஓடாது. ஒரே மாதிரி இரண்டு பென்டிரைவ், இரண்டும் வேறு வேறு பையில். யூடியூபில் உருவிய பாட்டு லேப்டாப்பில் நன்றாகத்தான் கேட்கும், பெரிய பெட்டியில் ஹை-ஹாட் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருக்கும்.

ஃபங்ஷன்ல லேப்டாப் கனெக்ட் பண்ணதும் ‘ஊம்’னு சத்தம். என்ன பண்ணலாம்?

சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் எர்த் சுற்றுதான் காரணம். டிஐ பாக்ஸ் (லேப்டாப் லைனுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் சிறு பெட்டி) ஒன்றை நடுவில் போட்டு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். உங்கள் சாமானும் மிக்ஸரும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் சரிசெய்யும் வேலை வேண்டாம், மழைக்காலத்தில் ஈரமேடையில் மைக் பிடித்தவர் அடிபடுவார்.

சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்காவிட்டால் கேபிள்தான் காரணம். கண்ட்ரோலரின் ஆர்சிஏ வயர் 3 மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. அதற்கு மேல் தூரம் என்றால் எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்).

ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் மல்டிமீட்டரை வைத்து 230 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். கரண்ட் மாறும் அந்த 5 வினாடிக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று லேப்டாப்பையும் கண்ட்ரோலரையும் தாங்கும்.

மேடையில எனக்கு பீட் லேட்டா கேக்குது.

மானிட்டர் (உங்கள் பக்கம் திருப்பி வைக்கும் பெட்டி) இல்லாமல் வாசிக்கிறீர்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். மெயின் பெட்டி 10 மீட்டர் தள்ளி இருந்தால் நீங்கள் கேட்பது 29 மில்லிவினாடி பழைய சங்கதி. ஹெட்போனில் கேட்பதோ இந்த நொடி. இரண்டையும் சேர்த்து மேட்ச் செய்தால் எப்படிச் சேரும்? பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஹெட்போனிலேயே கியூ (வரப்போகும் பாட்டு), மாஸ்டர் (ஓடும் பாட்டு) இரண்டையும் கலந்து மேட்ச் செய்துவிட்டு, வெளிச்சத்தத்தை நம்பாமல் ஃபேடரைத் தூக்குங்கள்.

சிவப்பு விளக்கு பற்றி ஒரு வார்த்தை. சேனல் கெயினை, பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் 0 டெசிபலில் நிறுத்துங்கள். சத்தம் பத்தவில்லை என்றால் சவுண்ட்காரரிடம் சொல்லுங்கள், மாஸ்டரை ஏற்றாதீர்கள். சிவப்பில் ஓட்டினால் முதலில் எரிவது ட்வீட்டர் (ட்ரெபிள் ஸ்பீக்கர்). அதன் விலை உங்கள் பேமென்ட்டிலிருந்துதான் போகும்.

ராத்திரி 10 மணிக்கு மேல ஓட்டினா என்ன?

ஒலி மாசு விதிகள் 2000-படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். பகலுக்கும் காவல் நிலைய அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிய அமைதி மண்டலங்களில் இன்னும் குறைவு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் புக்கிங் என்றால் அனுமதிக் கடிதம் கையில் வாங்கிய பிறகே பெட்டி இறக்குங்கள். அனுமதி எடுப்பது யார் பொறுப்பு என்று வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிடித்துக்கொண்டு போவது உங்கள் கண்ட்ரோலரை.

கல்யாணத்துல பாட்டு போட லைசென்ஸ் வேணுமா?

வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவு மதச் சடங்குகளுக்கும், கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் விட்டது. யாராவது வந்து கட்டணம் கேட்டால் அதைக் காட்டுங்கள். டிக்கெட் போட்ட நிகழ்ச்சி, கிளப், கம்பெனி பார்ட்டி எல்லாம் இந்த விலக்கில் வராது. அங்கே உரிமம் நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு.

சினிமா பாட்டை ஹவுஸ் ரீமிக்ஸ் பண்ணி ரிலீஸ் பண்ணலாமா?

மேடையில் வாசிப்பது வேறு, வெளியிடுவது வேறு. பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டு-வரிகளுக்கு இன்னொரு உரிமை. இரண்டுக்கும் அனுமதி இல்லாமல் ஏற்றினால் தானியங்கிப் பரிசோதனையில் பிடிபட்டு நீக்கப்படும், சேனலுக்கும் அடி. சொந்தப் பாட்டு செய்யுங்கள்.

சொந்தப் பாட்டு ரெடி. அடுத்து?

24 பிட் வேவ் கோப்பு. கிளப்புக்கு மாஸ்டர் சத்தம் -9 முதல் -7 லஃப்ஸ் (சத்தத்தின் சராசரி அளவு) வரை, உச்சம் -1 டெசிபல். ஸ்பாட்டிஃபை போன்றவை -14-ஐ ஒட்டிச் சமன் செய்துவிடும், அதற்காக மாஸ்டரைக் குறைக்க வேண்டியதில்லை, நசுக்காமல் இருந்தால் போதும்.

லேபிளுக்கு (பாட்டை வெளியிடும் நிறுவனம்) அனுப்புவதாக இருந்தால் அந்த லேபிளின் கடைசிப் பத்து வெளியீட்டைக் கேட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று பாட்டு, தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் இணைப்பாக, நான்கு வரிக் கடிதத்தோடு அனுப்புங்கள். கோப்பை மெயிலில் இணைத்தால் திறக்கவே மாட்டார்கள். ஒப்பந்தம் வந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: உரிமை எத்தனை வருஷத்துக்கு, பங்கு எதைக் கழித்த பிறகு கணக்கிடப்படும், கணக்கு வருஷத்துக்கு எத்தனை முறை வரும். செலவு போக பாதிக்குப் பாதி என்பது சிறு லேபிள்களில் வழக்கம். அந்த ‘செலவு’க்கு உச்சவரம்பு இல்லாவிட்டால் பாதி என்பது பூஜ்ஜியத்தில் பாதி. தானாக வெளியிட்டாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி (பதிவின் அடையாளக் குறி) எண் வாங்குங்கள். இசையமைப்பாளராக, பாடலாசிரியராக ஐபிஆர்எஸ்ஸில் (அவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகுங்கள்.

கிளப்ல முதல் ஸ்லாட் எப்படிக் கிடைக்கும்?

கதவு திறக்கும் நேரத்து ஸ்லாட்டைக் கேளுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆள் இல்லாத தளத்தில் 118–120-ல் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் 122-ஐத் தாண்டாமல் ஒப்படைப்பதுதான் வேலை. வந்த ஐந்து பேரையும் மிரட்டாமல் உட்காரவைத்து, அடுத்தவர் வரும்போது அவர்களை நிற்க வைத்திருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். முதல் நாளே தன் திறமை எல்லாவற்றையும் 128-ல் கொட்டியவரை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை. மாதிரிக்கு 45 நிமிட மிக்ஸ் ஒன்று, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் பதிந்தது, எப்போதும் தயாராக இருக்கட்டும்.

வீட்ல ‘இது ஒரு பொழப்பா’ன்னு கேக்கறாங்க. காசு வருமா?

ஹவுஸால் மட்டும் சோறு கிடைக்கும் என்று சொல்லமாட்டோம். வடசென்னையில் காசு ஃபங்ஷனில், பெயர் கிளப்பிலும் வெளியீட்டிலும். இரண்டு கணக்கையும் கலக்காமல் வைத்திருப்பவர்கள்தான் நிலைக்கிறார்கள். ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. முகூர்த்த மாதங்களில் வருவதில் ஒரு பங்கை ஆடி, மார்கழிக்கு எடுத்து வையுங்கள், அப்போது கல்யாணமே இருக்காது. அந்த இரண்டு மாதம்தான் பாட்டு செய்யும் காலம்.

பாதி அட்வான்ஸ் இல்லாமல் தேதி கொடுக்காதீர்கள். மீதியைப் பெட்டி ஏற்றும் முன் வாங்குங்கள், மண்டபம் காலியான பிறகு மாமாவைத் தேடி அலைய முடியாது. கம்பெனி நிகழ்ச்சியில் டிடிஎஸ் பிடித்தால் சான்றிதழ் கேட்டு வாங்கி ரிட்டர்ன் போடுங்கள், பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு.

காது?

100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அதில் பாதி. இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் போடுங்கள், பஞ்சு உதவாது. வீட்டுக்கு வந்தும் ‘கீ’ என்று கேட்டால் அடுத்த நாள் ஹெட்போனைத் தொடாதீர்கள்.

ஓஎம்ஆர்ல வாசிச்சுட்டு ராத்திரி திருவொற்றியூர் எப்படித் திரும்பறது?

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு போவது சுலபம். கண்ட்ரோலர் பையோடு ஏறலாம். திரும்புவதுதான் கஷ்டம், இரவு 11-ஐ ஒட்டி ரயில் முடிந்துவிடும். கட்டணம் பேசும்போதே திரும்பும் டாக்சிக் காசைத் தனி வரியாக எழுதுங்கள். பெண் டிஜேக்கள் ஏற்பாட்டாளரே வண்டி அனுப்ப வேண்டும் என்று முன்பே கேட்கலாம், சாதாரணமாகக் கேட்கப்படும் நிபந்தனைதான் அது. கேட்காமல் விட்டால் ஒரு ராத்திரி சம்பளத்தில் கணிசமான பங்கு மவுண்ட் ரோட்டிலேயே இறங்கிவிடும்.